பம்ப் செய்கிறவருக்கு, கஸ்தூரியார் வீதியிலிருந்து

முதலில் திருகாணி.
உங்கள் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.
பசை வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்,
திறக்கிறவன் கள்ளன் என்கிற மாதிரி.
நான் பதினாறு வருசமாகப் போன் திருத்துகிறவன்.
கடலில் விழுந்ததை, கறிச்சட்டிக்குள் விழுந்ததை,
கோபத்தில் சுவரில் எறிந்ததை எல்லாம்
திறந்து, துடைத்து, கதைக்க வைத்திருக்கிறேன்.
என் இடுப்பில் தொங்குவதை மட்டும்
வெளியில் நின்று பார்க்கிறேன்.

ஸ்காபரோவில் மச்சாள் புதிது வாங்கியதால்
பழையது எனக்கு வந்தது.
விடிய விடியத் திரையில் அவள் பெயர் எழும்பும்:
காலை வணக்கம், பிரமிளா.
மாற்றுகிற இடம் தேடிக் களைத்துவிட்டேன்.
இது ஏழாவது வருசம்,
நான்தான் பிரமிளா.

உங்கள் சாப்பாட்டுப் பட்டியலில்
பன்னிரண்டு வகைப் பாண் இருக்கிறது,
பிட்டு இல்லை.
நீத்துப்பெட்டியைக் கவிழ்த்ததும் உதிர்ந்துபோவதை
எத்தனை கிராம் என்று நான் சொல்ல?
குரக்கன் மா எவ்வளவு, தேங்காய்ப்பூ எவ்வளவு,
துஷ்யந்தி அன்றைக்கு என்ன மனநிலையில் குழைத்தாள்,
அதற்கும் ஒரு பொத்தான் வையுங்கள்.

சித்திரையில், கடையின் தகரத்துக்குக் கீழே,
பக்கத்தில் ஈயம் உருக்குகிற சூட்டில்
இன்சுலின் மருந்தாக இருப்பது மத்தியானம் வரைக்கும்தான்.
பிறகு அது தண்ணீர்.
கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்.
அதற்குச் சூடேறுகிறது என்று
எனக்கு முன்னமே தெரிய வேண்டும்,
இரத்தத்துக்குத் தெரிவதற்கு முன்னம்.

பற்றரி சுன்னாகத்துப் பெட்டிக்கடையிலும்
கிடைக்கிறதாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

வேட்டிக்குப் பொக்கற் இல்லை என்று
உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
நல்லூருக்குள் சேர்ட்டையும் கழற்ற வேண்டும்.
சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன்.
வரிசையில் பின்னால் ஒரு பொடியன்,
என் வயிற்று வயரைப் பார்த்துக்கொண்டே வந்தவன், கேட்டான்:
மாமா, சார்ஜில போட்டிருக்கிறீங்களோ?
ஓம் என்றேன்.
வேறு என்ன சொல்ல.

இரவுச் சத்தம் இன்னொரு வழக்கு.
படுத்திருக்கிறவனைத் தட்டினால் போதாதா?
வீடு முழுக்கக் கூப்பிட வேண்டுமா?
சீனி இறங்கினால் நான் எழும்புவதில்லை, அவள்தான் எழும்புகிறாள்.
சத்தம் நின்ற பிறகும்
அவள் திரும்பப் படுப்பதில்லை.

ஒன்றை எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.
பஸ்களை மறுபடி நிறுத்தத் தொடங்கிய அந்த வைகாசியில்
ஆனையிறவில் எல்லோரையும் இறக்கினார்கள்.
இருபது வயதிருக்கும் அந்த ஆமிக்காரப் பெடியனுக்கு.
இடுப்பில் அவன் கை பட்டது.
சேர்ட்டைத் தூக்கினான்.
பெட்டி, பெட்டியிலிருந்து வயர்,
வயர் தோலுக்குள் போகிற இடம்.
மூன்றடி பின்னால் போனான்.
மருந்து குறைகிறது என்று அறிவிக்க
உங்கள் பம்புக்கு அந்த நேரம்தான் கிடைத்தது.
பீப் என்றது.
பக்கத்தில் நின்ற சனம் விலகிய சத்தம்
எனக்கு இன்னும் கேட்கிறது.
இன்சுலின் என்ற சொல் அவன் மொழியிலும் அதேதான்.
ஆனால் கைகளை உயர்த்தியபோது
என் வாயில் ஒரு மொழியும் இருக்கவில்லை.

ஆகவே நிறம் உங்கள் விருப்பம்.
வடிவம் மட்டும்
ஒருவருக்கும் ஒன்றையும்
ஞாபகப்படுத்தாததாக இருக்க வேண்டும்.
அப்படி ஒன்றை உங்களால் வரைய முடியுமா என்று
எனக்குத் தெரியாது.

பிறகு, அந்தப் பெயர்.
அதை மாற்ற வழி எழுத வேண்டாம்.
நேற்றும் இரண்டு மணிக்கு,
சீனித் தண்ணீர்க் கோப்பையோடு வந்து
தோளை உலுப்புகிறாள் துஷ்யந்தி:
பிரமிளா, எழும்பு. குடி.