மூங்கில் கழிக்கு அப்பால்

கூம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில்
சேறு முதலில் நாறும்,
பிறகுதான் விடியும்.

நான் தேஜோன் நகரில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
வாரமெல்லாம் இருட்டுக் குழிக்குள்
அண்ணாந்தே கிடக்கும் கழுத்து
ஞாயிறு மட்டும் இங்கே குப்புறப் படுத்திருக்கிறது,
வயிறு நனைய, மூக்கு நுனியில் சேறு உலர,
அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால்.

வந்துவிட்டன.
ஆயிரமா மூவாயிரமா, எண்ணியவன் இல்லை.
முறத்தில் கேழ்வரகு புடைப்பதுபோல்
எழுந்து, சரிந்து, மறுபடி தரைமேல்
சரசரவென்று உள்ளான்கள்.

இவற்றில் ஒன்றே ஒன்றைத் தேடுகிறேன்.
சிட்டுக்குருவி அளவு.
அலகின் நுனி மட்டும்
குழந்தைக்கு மருந்து ஊட்டும் கரண்டிபோல் அகன்றிருக்கும்.
உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும்
சாம்பல்மேல் சாம்பல்;
பக்கவாட்டில் நின்றால்
கரண்டி, கரண்டியே இல்லை.

ஆயிரத்து நூற்று நாற்பது படம்.
அதில் ஒன்று:
அது தலையைத் திருப்பிய நொடியில்
பின்னால் எங்கிருந்தோ ஒரு சிவப்பு.
சிவப்பின்மேல் கறுப்பாய், அச்சடித்ததுபோல் கரண்டி.
இடக்காலில் எலுமிச்சைப் பச்சைப் பட்டை.
பட்டையில் இரண்டு எழுத்து.
இரண்டும் தெளிவாக.

யாரும் இல்லாத சேற்றில் கத்தியே விட்டேன்.

யாரும் இல்லாத சேறு இல்லை அது.
சிவப்பு, மட்டி சேர்க்கும் ரப்பர் தொட்டி.
தொட்டியைப் பற்றிய கை, வளைந்த முதுகு,
பூப்போட்ட தலைத்துணி: ஜூ பொங்-நே.
அவளுக்கும் எனக்கும் நடுவே சாய்ந்தபடி
ஒரு மூங்கில் கழி.
கழிக்கு இப்பால் அவள் ஊர்க் கூட்டுறவின் சேறு.
அப்பால் அடுத்த ஊருடையது.
பிடிபட்டால் ஒரு பருவம் முழுக்கச் சேற்றில் இறங்கக்கூடாது.

"எடுத்தியா?"
"பறவையை."
"காட்டு."

திரையில் அவள் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் சேறு.
முதலில் பறவையைத்தான் பார்த்தாள்.
"இத்தனூண்டா? இதுக்கா இவ்வளவு தூரம் காரோட்டி வரே?"
அப்புறம் பேச்சில்லை.
அப்புறம், "கழி தெரியுது."
அப்புறம், மழை பெய்தால் நனையும் என்கிற குரலில்,
"அந்தப் பக்கம் மட்டி பெரிசு."

கரையில் உழுவண்டி ஹாரன் அடித்தது.
தொட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.
அழித்துவிடு என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம்.

கணக்கெடுப்பைத் தொகுக்கும் பியோ
வெட்டாத மூலப்படம்தான் ஏற்பான்.
நல்ல படமென்றால் நாள்காட்டியில் போடுவான்.
நாள்காட்டி
இரண்டு ஊர் அலுவலகச் சுவரிலும் தொங்கும்.

எழுதி அனுப்பினேன்:
ஒன்று. பட்டை பச்சை. எழுத்து படிக்க முடியவில்லை.

பியோவின் பேரேட்டில்
அந்த இரண்டு எழுத்துக்கு நேரே
இந்த ஆண்டின் கட்டம் காலி.
அடுத்த ஆண்டும் காலியானால்
பியோ என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும்போது
செல்பேசியில் அதைத் திறந்து பார்க்கிறேன்.
உயிரோடுதான் இருக்கிறது,
என் சட்டைப்பையில்,
ஒரு சிவப்புத் தொட்டியின் தயவில்.

அக்டோபர் பௌர்ணமி ஓதத்துக்கு மறுபடி போனேன்.
கழியைத் தாண்டி
இன்னும் இருபதடி தள்ளிக் குனிந்திருந்தாள்.
என்னைப் பார்த்தாள். கையசைக்கவில்லை.
லென்ஸை மூடினேன்.
பறவைகள் மொத்தமும்
அவள் பக்கம்தான் இறங்கியிருந்தன.