ஈரப்பதம்

வரப்பில் முளைப்பதை
நான் விவசாயம் என்று சொன்னதில்லை.
விவசாயம் என்றால் வயல்.
வயல் என்றால் நெல்.
நெல் என்றால் நாற்பது கிலோ சிப்பம்,
கொள்முதல் நிலையத்து வாசலில் ராத்திரிக் காவல்,
தார்ப்பாய்க்கு மேலே கொசு.

புரட்டாசியில் மெஷின் பத்தொன்பது என்றது.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
குடமுருட்டிப் பாலத்துத் தார்ச்சாலையில் கொட்டி
மூன்று நாள் காலால் கிண்டினேன்.
இரண்டு புள்ளி இறக்க
எனக்குத் தெரியும்.

அதே வாரம்
வலங்கைமான் ஆஸ்பத்திரியில்
தையல்நாயகியின் விரல் நுனியில் ஊசி.
ஏழு புள்ளி நாலு.
பன்னிரண்டு இருக்கணும் என்றாள் நர்ஸ்.
ஏற்றுவதற்கு
எதை எந்தச் சாலையில் கொட்டிக் கிண்டுவது?

"நிலம் இருக்காம்மா?"
"மூணு ஏக்கர்."
நர்ஸ் சீட்டிலிருந்து தலைதூக்கி
என்னைப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கீரை வாங்கினோம், கட்டு இருபது.
வீட்டில் பிரித்தபோதுதான் கவனித்தேன்:
பொன்னாங்கண்ணி.
ஆடியில் டேங்க்கை முதுகில் மாட்டி
என் வரப்பில் நான் கருக்கியது.
அன்றைக்கும் காசு கொடுத்தேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
இலையை ஆய்ந்துவிட்டுத்
தண்டுகளைக் கொண்டுபோய்
மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் ஊன்றினாள்.

தாளடி நட்டதும்
வடக்கு வரப்புக்கு மட்டும் மருந்து அடிக்கவில்லை.
சாணுக்கு ஒன்றாய் உளுந்து போட்டேன்,
ஆள் நடமாட்டமில்லாத விடிகாலையில்,
திருடன் மாதிரி.
பாதி மழையில் அழுகிப்போனது.

மாசிலாமணி வண்டியை நிறுத்தினான்.
"என்னய்யா, வரப்பு காடாக் கெடக்கு?
எலி அடையும்."
"மருந்துக்குக் காசில்ல" என்றேன்.
பொண்டாட்டி சாப்பிட என்பதைவிட
அது சுலபமாக வந்தது.

மாசியில் மறுபடி ஊசி.
எட்டு புள்ளி ஒன்பது.
மாத்திரையாலா கீரையாலா,
மெஷின் அதைச் சொல்லவில்லை.

கணக்கு நோட்டில்
விதை, உரம், நடவாள், அறுவடை வண்டி.
உளுந்து ஒன்றரைப் படி கிடைத்ததற்கு
எந்தப் பத்தியில் இடம்?
பக்கத்தின் மூலையில்
எட்டு புள்ளி ஒன்பது என்று மட்டும்
பொடியாக எழுதி வைத்தேன்.

புரட்டிப் பார்த்த மகன் கேட்கிறான்:
"எந்த நெல்லுப்பா இது,
இவ்வளவு காஞ்சிருக்கு?"