பெண், ஈன்றவள்

இரயுமன்துறையில் இரவு பதினொன்று நாற்பது.
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
ததேயூஸ் வீட்டுப் பின்முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
வாயில் உறிஞ்சுகுழல், மடியில் டார்ச்.
"கொசுவுக்குக் கால நீட்டதுக்கும் சம்பளம் குடுக்கானுவளா?"
அடுக்களை ஜன்னலில் பிலோமி.
குடுக்கிறார்கள். பஞ்சப்படியும் உண்டு.

எட்டு மணிக்கு வந்ததெல்லாம் சாக்கடைக் கூட்டம்.
கூனி உட்காரும், காதில் வந்து கத்தும்.
எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
நான் காத்திருப்பவளுக்குச் சத்தம் குறைவு.
சுவரில் அமர்ந்தால்
தலை தாழ்ந்து வால் உயர்ந்து,
யாரோ பாதி அடித்து விட்டுப்போன ஆணி.

மங்களூரிலிருந்து அவன் வந்தபோது
ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம்.
கட்டில் கால் தரையில் தாளம் போட்டதாம்.
ரத்தத் தடவலில் வைவாக்ஸ்.
பதினான்கு நாள் மாத்திரை;
மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது,
ஆறாம் நாள் விடியுமுன் படகேறிவிட்டான்.
மிச்சம் ஒன்பது
மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.
ஈரலில் உறங்குவது கடலிலும் உறங்கும்.

இடது கணுக்காலில் ஒரு கனமின்மை.
புள்ளி போட்ட சிறகு.
குத்துமுன் உறிஞ்சிப் பஞ்சால் அடைத்தேன்.

காலையில் நாகர்கோவில். உப்புநீர்த் துளியில்
சூலகத்தைப் பிரித்தேன்.
முட்டையிடாதவளுக்கு மூச்சிழைகளின் நுனி
சுருண்டு சுருண்டு கிடக்கும்.
ஒருமுறை இட்டால் அவிழும். பிறகு சுருளாது.
இவளுக்கு அவிழ்ந்திருந்தது.
என்றால், நான் முதல் ஆள் இல்லை.

இளையவளிடம் பயமில்லை.
கிருமி முற்றப் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும்.
பல்லிக்கும் தும்பிக்கும் எங்கள் புகைக்கும் தப்பி
அத்தனை நாள் கிடந்தவள்தான்
கொண்டுபோய்க் கொடுப்பாள்.
உமிழ்நீர்ச் சுரப்பியை நசுக்கிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
இவளிடம்.

சாயங்காலம் மறுபடி போனேன்.
நீல டிரம்மில் புழுக்கள்
உதிர்ந்த இமைமயிர் போல
நீர்மட்டத்தோடு படுத்திருந்தன.
கவிழ்க்கச் சொன்னேன்.
"அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி.
கவுத்துட்டு கடலயா குடிக்கட்டும்?"

வீடு நிறைய வலை.
எதன் கண்ணிலும் இவள் சிக்கமாட்டாள்.
பிலோமி ஒரு சேலையைக் கிழித்தாள்.
டிரம்மின் வாய்க்கு இரண்டாய் மடித்துக் கட்டினோம்.
நீரை அதன் வழியே வடித்து மாற்றினோம்.
பிறகு அவன் எண்ணைப் போட்டுத் தந்தாள்:
தொடர்பு எல்லைக்கு வெளியே.