முத்திரைத் தாள் சோதனை

ஆதரவு முடிந்தது என்று
பழைய விண்டோஸ் தினமும் ஒரு பெட்டி திறந்து சொல்லும்.
புதியதற்கு என் கணினிக்குத் தகுதி இல்லையாம்.
நாலு ஜிபி ராம், ஏழு வயசு.
திருத்துறைப்பூண்டி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பத்திரம் எழுதுகிறவள் நான்.
புதுசு வாங்கினால்
மூணு மாத வாடகை பாக்கிக்கு
வேதையனிடம் என்ன சொல்வது?

ஒரே பென்டிரைவ். நாலு இரவு.
போன் டேட்டாவில் இறக்கி, அழித்து, மறுபடி இறக்கி,
நடுவில் கரண்ட் போய் வந்து.

உபுண்டு அழகாக வந்தது,
மூச்சு வாங்கிக்கொண்டு.
ஃபெடோராவுக்கு என் வைஃபை தெரியவில்லை.
டெபியன் பேசவே இல்லை.
கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்ன
நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க
விடிந்தது.
ஆர்ச் போடுங்கக்கா, எல்லாம் நாமே கட்டிக்கலாம்
என்றான் சகாயமேரி மகன்.
எனக்கு ஒன்பதரைக்கு டோக்கன் தம்பி.

நடுவில் உரிமத்தைப் படித்தேன்.
தொழில் பழக்கம், பொடி எழுத்தை விடமாட்டேன்.
கிரயமா? பணம் கைமாறவில்லை.
தானமா? கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.
ஒத்தி, குத்தகை? கெடு இல்லை.
நான்கெல்லை எங்குமே இல்லை.
ஒரே நிபந்தனை:
அடுத்தவருக்குக் கொடுத்தால்
உனக்கு வந்த மாதிரியே கொடு,
அடைக்காதே.

இருபத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவளிடம்
அதற்கு ஒரு படிவம் இல்லை.
கடைமடையில் நாலு மா வைத்திருப்பவளுக்கு
உடனே விளங்கிவிட்டது.

கடைசியாக மின்ட்.
பெயர் பிடிக்கவில்லை, பல்பசை மாதிரி.
தமிழ்99 வைத்தேன். 'ஸ்ரீ' உடையவில்லை.
வெள்ளைத் தாளில் மூணு தடவை,
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு
முத்திரைத் தாளில் ஒன்று:
'கிழக்கே மருதமுத்து வகையறா நஞ்சை,
தெற்கே பாசன வாய்க்கால்...'
முத்திரையைத் தொடாமல், ஓரம் பிசகாமல்
துப்பியது அந்தக் கிழட்டு பிரிண்டர்.
அவ்வளவுதான் தேர்வு.

காலையில் வேதையன் வந்தான்,
என்ன, கலர் மாறியிருக்கு என்றான்.
ஆமா.
பெஞ்சின் இந்த முனையில் அண்ணன், அந்த முனையில் தம்பி.
பாகப்பிரிவினை, ஆறு நகல்.
ஸ்கேனர்தான் இன்னும்
என்னை யாரென்று கேட்கிறது.