சாதாரண அலைவரிசை

கடையில் எல்லாத் திரைகளிலும் ஒரே கடல்.
ஒரே ஆமை, முப்பது சட்டங்களுக்குள்,
ஒரே நொடியில் கழுத்தைத் திருப்புகிறது.
இவ்வளவு நீலம் எங்கள் ஊருக்கு ஆகாது.
மாண்டெவிடியோவில் தண்ணீர்
பால் கொஞ்சமாய் விட்ட காப்பி நிறம்.
அது ஆறா கடலா என்று
இன்னும் நாங்கள் பேசித் தீர்க்கவில்லை.

"இதை நிறுத்து. உள்ளூர்ச் சேனல் எதையாவது போடு" என்றேன்.
"எந்த நிகழ்ச்சி, சென்யோரா?"
"எது ஓடுகிறதோ அது."

சட்டைப்பையில் எஸெக்கியேல் என்று பெயர் குத்தியிருந்த பையன்
கையைப் பிசைந்தான்.
ஆமைக்காகவே செய்த திரைகள் போல.
போட்டான்.
சலவைத்தூள் வந்தது. மாட்டுச் சந்தை நிலவரம் வந்தது.
வானிலை சொல்பவள் வந்தாள்,
மெழுகில் முக்கி எடுத்த முகத்தோடு.
தினம் மழை சொல்கிறவளை
இப்படி மினுக்கிக் காட்டும் பெட்டி
வீட்டுக்கு எதற்கு?
முதலில் கழிந்தது அதுதான்.

வில்மர் ஒன்றும் சொல்லவில்லை.
போன குளிர்காலத்தில் அவன் பார்வையின் நட்டநடுவில்
ஒரு காசளவு இடம் காணாமல் போனது.
ஓரங்கள் மட்டும் மிச்சம்.
என் முகம் வேண்டுமென்றால்
என் காதைப் பார்க்கிறான் இப்போது.
நாற்பத்தோரு வருடம் கழித்து
ஒருவன் உன் தோட்டையே உற்றுப் பார்த்தால்
கொஞ்சம் வெட்கமாய்த்தான் இருக்கிறது.

"இந்த மாடலில் கறுப்பு சுத்தக் கறுப்பு, சென்யோர்.
வேறெதிலும் இப்படிக் கிடைக்காது."

"கறுப்பு என்னிடமே இருக்கிறது" என்றான் வில்மர்.
"தவணைகூடக் கட்டவில்லை."

சிரிக்கலாமா என்று பையன் என்னைப் பார்த்தான்.
சிரி, என்று தலையசைத்தேன்.

பிறகு வில்மர் தன் சோதனையைத் தொடங்கினான்.
நாற்பத்து மூன்று அங்குலத்தின் முன் நின்றான்:
வானிலைக்காரியின் தலையும் தோளும் பாதி நாடும்
அந்தக் காசுக்குள் விழுந்தன.
ஐம்பத்தைந்தில் தோள் திரும்பி வந்தது.
அறுபத்தைந்தில், இரண்டடி முன்னே போய்,
மூலையிலிருந்த மணியைப் பார்த்தபடி,
"கை. கை தெரிகிறது.
வடக்கே எதையோ காட்டுகிறாள்" என்றான்.
"மழை" என்றேன்.
"தெரியும். கை தெரிகிறது என்கிறேன்."

இருபத்தாறு வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவள் நான்.
எந்தப் பெட்டி வாசலில் நுழையும்,
எது நுழையாமல் சண்டை இழுக்கும் என்று
கண்ணாலேயே அளப்பேன்.
எங்கள் கட்டடத்து லிஃப்ட், கம்பிக் கதவு போட்ட கிழவி,
மூன்று பேரும் ஒரு நாயும் ஏறினாலே முனகும்.
அறுபத்தைந்து நுழையாது.
வாங்கினோம்.
பதினெட்டுத் தவணை.

ஐந்தாம் மாடிவரை படியில் சுமந்தவர்கள் இரண்டு பேர்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது.
டென்டிஸ்ட் ஒதீலியா கதவைத் திறந்து
"வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திற" என்கிற குரலில்
சாய்க்கும் கோணம் சொன்னாள்.
ஏறிவிட்டது. சுவரில் ஒரு கீறல்.
கீறலுக்கு நிர்வாகி கடிதம் எழுதுவான். எழுதட்டும்.

சோபா போயிற்று.
திரைக்கு நாலடியில் இரண்டு நாற்காலிகள்,
மலிவான சினிமாவின் முன்வரிசை மாதிரி.
எனக்குக் கழுத்து வலிக்கிறது.
வானிலைக்காரியின் மூக்குத் துவாரம் தெரிகிறது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.
மாத்தே ஊற்றி நீட்டுகிறேன்;
வாங்கும்போதும் உறிஞ்சும்போதும் அவன் முகம்
திரைக்கு நேராக இல்லை.
பந்து அவனுக்கு ஓரத்தில்தான் வரும்,
அதனால் பார்வையை இந்தப் பக்கம், வலதுபக்கம், சாய்க்கிறான்.
வலதுபக்கம் உட்கார்ந்திருப்பது நான்.
இந்த வீட்டில் இதுவரை எந்த ஆட்டத்திலும்
நடக்காத காரியம்.

"என்ன பார்க்கிறாய்?"
"ஆட்டத்தை."
"சரி."

முதல் பாதி முடியப் போகும் நேரம்
கீழ்வீட்டில் யாரோ கத்தினார்கள். கோல் போல.
நான் பார்க்கவில்லை.
"யார் போட்டது?" என்று அவனிடம் கேட்டேன்.