முதுமை அறை

ஆக்டன் நகரம், யூட்டா. வெளியே பனி.
உள்ளே, பீரோ அளவு அறைக்குள்
நாற்பது டிகிரி வெக்கை, முக்கால்வாசி ஈரம்.
இளமை மாத்திரைகளை
அவசரமாகக் கிழமாக்கும் இடம்.
இங்கே ஆறு மாதம் தாங்கினால்
கடையில் இரண்டு வருடம் தாங்கும் என்று கணக்கு.

வெர்லா ஹேன்சன் கதவைத் திறக்கிறாள்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி.
துடைத்துவிட்டுப் பார்க்கிறாள்:
மூன்று குப்பிகளில் நிறம் மங்கல்,
ஒன்றில் காப்ஸ்யூல்கள்
விடமாட்டேன் என்று ஒட்டிக்கிடக்கின்றன.
சத்து தொண்ணூற்றொன்று. தேறும்.

யாரைத் தேற்றும் என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

மாடி வரவேற்பறையில்
சட்டமிட்ட வரைபடம் ஒன்று:
எங்கோ சில எலிகள்
சில வாரம் கூடுதலாக இருந்தனவாம்.
ஆண் எலிகள் மட்டும்.
அதைச் சொல்லும் எழுத்து, எறும்புக் கால்.

பத்தொன்பது வருடம்,
நாளுக்குப் பத்து நிமிடம் இந்த வெக்கையில்;
ஒன்றுக்கு நான்கு என்று பெருக்கினால்?
படிவத்தின் பின்புறம் பென்சிலால் போட்டாள்.
நாலு மாதம், சொச்சம்.
சம்பளச் சீட்டில் வராத நாலு மாதம்.
அழித்தாள். அழித்த தடம் தெரிந்தது.

புதுத் தொகுதி வந்திருந்தது,
மாதுளை முத்துப்போல் பளபளத்து.
வரிசையாக உள்ளே அடுக்கினாள்.
கதவைச் சாத்துமுன்
வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகக்
கையை வெளியே எடுத்தாள்.