எண்பத்தாறு இஞ்சின்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
வறுவேலின் பட்டறையில்
வாய் பிளந்து நிற்கிறது
என் எழுபத்திநாலு மாடல் பத்மினி.

எண்பத்தாறு இஞ்சின்
குளச்சலில் கிடைத்தது.
அந்த வண்டியின் கதவைத் தட்டினால்
துருவாய் உதிர்ந்தது.
இஞ்சின் மட்டும்
ஒன்றும் நடக்காதது போல.

ஒரே கம்பெனிதானே, உட்காரும் என்றார்கள்.
உட்காரவில்லை.
மவுண்டிங் ஓட்டை அரைவிரல் தள்ளி.
டைனமோ இருந்த இடத்தில்
ஆல்டர்னேட்டர் முழங்கையை நீட்டியது.
இடைப்பட்ட பன்னிரண்டு வருசத்தில்
யாரோ வரைபடத்தில்
ஒரு கோடு தள்ளிப் போட்டிருக்கிறான்,
அதற்கு வறுவேல்
மூன்று நாள் அரத்தால் ராவினான்.

நாலாம் நாள், மழை.
சங்கிலியில் தொங்கிய பாரம்
இறங்கி இறங்கி
களுக்.
"கேறிட்டுடே!"

ஆர்.சி. புக்கில் பழைய எண்தான் இருக்கிறது.
புதியதன்மேல் தாளை வைத்து
பென்சிலால் தேய்த்தேன்.
கடைசி இலக்கம்
ஒன்றா, ஏழா?
ஆபீசில் கேட்பார்கள்.

தொடுவெட்டி ஏற்றத்தை
மூன்றாம் கியரிலேயே தாண்டியது.
சூடேறியதும்
வண்டி முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசம்.

பிளாசம் கண்ணாடியை இறக்கவில்லை.
"மீன் ஏத்தின வண்டியாக்கும்?"
என்று கேட்டாள்.
கொஞ்ச தூரம் போனபின்,
பசிக்குது என்றாள்.